உகாண்டாவின் எரிமலைகளும் மழைக்காடும்: குறைந்த செலவில் வழிகாட்டியோடு நடக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த இடம், எந்த வழி?

உகாண்டாவின் தென்மேற்கு மூலை. உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூன்றும் ஒட்டி நிற்கும் இடம். விருங்கா மலைத்தொடரில் எட்டு எரிமலைகள் உண்டு. அவற்றில் முஹாபுரா (4,127 மீட்டர்), கஹிங்கா (3,474 மீட்டர்), சபின்யோ (3,600 மீட்டருக்குச் சற்று மேல்) மூன்றும் உகாண்டாவின் எல்லைக்கோட்டில் நிற்கின்றன. அவற்றின் வடசரிவுதான் ம்கஹிங்கா கொரில்லா தேசியப் பூங்கா, 33.7 சதுர கிலோமீட்டர். வடக்கே போனால் முட்டாண்டா ஏரி. அதையும் தாண்டினால் புவிண்டி மழைக்காடு. 1994 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களம்.

நாங்கள் சொல்லும் வழி இது: ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இறங்கி முசான்சே, சியானிகா எல்லை வழியாக உகாண்டாவின் கிசோரோ நகரம். அங்கே தங்கி ஓரிரு எரிமலை. பிறகு முட்டாண்டா ஏரியைத் தோணியில் கடந்து புவிண்டிக் காட்டோரத்து ந்குரிங்கோ மேடு. அங்கே கொரில்லா. அடுத்து காட்டுக்குள் குறுக்கே நடந்து புஹோமா. கடைசியில் பஸ் பிடித்துக் கம்பாலா. ஒன்பது நாள் போதும். பத்தாவது நாள் கையில் இருந்தால் அதை எரிமலைக்கு மறுநாள் ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்? எங்கே குறைக்கலாம்?

கொரில்லா பெர்மிட் 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு 800 டாலர். இதில் பேரம் கிடையாது. உகாண்டா வனவிலங்கு ஆணையமே அறிவிக்கும் சலுகைக் காலம் தவிர, குறைந்த விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எரிமலை ஏற்றத்துக்கும் காட்டைக் கடக்கும் நடைக்கும் தனித்தனிக் கட்டணம். ரேஞ்சர் வழிகாட்டி அந்தக் கட்டணத்திலேயே வந்துவிடுவார்.

அப்படியானால் குறைக்க முடிந்தது எது? வண்டி. பெரும்பாலான பயண நிறுவனங்களின் விலைப்பட்டியலில் பெர்மிட்டுக்கு அடுத்த பெரிய தொகை ஓட்டுநரோடு வரும் ஜீப்புக்குத்தான். நீங்கள் காட்டுக்குள் இருக்கும் நாளிலும் அதற்கு வாடகை ஓடும், ஓட்டுநருக்கும் தங்க இடம் வேண்டும். இந்த வழியில் ஜீப்பே தேவையில்லை. காட்டைச் சுற்றி வண்டியில் போகும் தூரத்தை நீங்கள் குறுக்கே நடந்து கடக்கிறீர்கள். மிச்சம் பிடிப்பது உங்கள் கால்தான்.

எங்கள் கணக்கு, விமானச் சீட்டு நீங்கலாக, ஒன்பது நாளுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 1,600 டாலர். பெர்மிட் 800, விசா 50, எரிமலைக்கும் காட்டு நடைக்கும் சேர்த்து 200 அளவில், படுக்கை, சாப்பாடு நாளொன்றுக்கு 40, மீதி பஸ், தோணி, போர்ட்டர், அன்பளிப்பு. தோணி வாடகையும் கிராமப் பாதை வழிகாட்டியின் கூலியும் குழுவுக்குள் பங்கு பிரிபவை. நாலு பேர் சேர்ந்து போனால் அந்தச் செலவு நாலில் ஒரு பங்கு. தனியாகப் போனால் முழுதும் உங்கள் தலையில்.

பெர்மிட் எப்படி வாங்குவது? எதில் தவறு நடக்கிறது?

பாஸ்போர்ட் எண்ணோடு வனவிலங்கு ஆணையத்திடமோ பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனம் மூலமோ வாங்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் டிசம்பர் கடைசியிலும் போவதானால் மூன்று நான்கு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர்தான், ஒரு மணி நேரம்தான். பார்க்க வருபவருக்குக் குறைந்தது 15 வயது.

தவறு நடப்பது பகுதியைத் தேர்வதில். புவிண்டிக்குப் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என்று நாலு வாசல். பெர்மிட் சீட்டில் எந்த வாசல் அச்சாகியிருக்கிறதோ அங்கேதான் காலை ஏழரை மணிக்கு நிற்க வேண்டும். வரைபடத்தில் ஒரே காடாகத் தெரிவதால், புஹோமாவில் அறை எடுத்துவிட்டு ருஷாகாவுக்குச் சீட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே மலைச் சாலையில் மூன்று நான்கு மணி நேரம். விடிகாலை மூன்று மணிக்கு ஜீப் பிடிக்கும் வாடகையில் அதுவரை மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். இந்த வழிக்கு ந்குரிங்கோ சீட்டு கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ருஷாகா. முதலில் சீட்டு, பிறகு அறை, கடைசியில் விமானம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் முதல் ஆகஸ்ட், டிசம்பர் முதல் பிப்ரவரி. இவையே மழை குறைந்த மாதங்கள். மழை இல்லாத மாதங்கள் என்று எழுதவில்லை, கவனியுங்கள். மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் அடைமழை. அப்போது கூட்டம் இருக்காது, அறை மலிவு, கொரில்லா பார்ப்பதற்கும் தடையில்லை. ஆனால் சபின்யோவின் ஏணிகள் வழுக்கும். எரிமலைதான் முக்கியம் என்றால் மழை மாதம் வேண்டாம்.

கிகாலியா, எண்டெபேயா? விசா எப்படி?

கம்பாலாவிலிருந்து கிசோரோ பஸ்ஸில் ஒன்பது பத்து மணி நேரம். கிகாலியிலிருந்து மூன்று நான்கு மணி நேரம். இறங்குவதற்குக் கிகாலி, திரும்புவதற்குக் கம்பாலா பக்கத்து எண்டெபே விமான நிலையம் என்று சீட்டு எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

காமன்வெல்த் நாட்டவருக்கு ருவாண்டா 30 நாள் விசாவுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் அதில் அடக்கம். உகாண்டாவுக்கு முன்கூட்டியே இணையத்தில் இ-விசா, 50 டாலர். உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர். கென்யாவும் போகிறவர்களுக்கே அது லாபம், இந்த வழிக்கு வீண். விதிகள் மாறக்கூடியவை, சீட்டு எடுக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு. உடுப்புகளைக் கடைப் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். துணிப்பையோ தடித்த நீர்புகாப் பையோ கொண்டு போங்கள்.

எல்லையில் நேரம் மாறுமாமே?

மாறும். உகாண்டா ருவாண்டாவைவிட ஒரு மணி நேரம் முன்னே. இதை எல்லோரும் படித்திருப்பார்கள். பலர் கவனிக்காதது, கிசோரோவும் பூங்கா வாசலும் எல்லையை ஒட்டியே இருக்கின்றன என்பதை. இரவில் கைபேசி ருவாண்டா கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், தானாக நேரம் மாற்றும் அமைப்பு கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவிடும். ஐந்தரைக்கு வைத்த அலாரம் ஆறரைக்கு அடிக்கும். கைபேசியில் நேர மண்டலத்தைக் கம்பாலா என்று கையால் பதிந்துவிடுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று எரிமலைகளில் எதில் ஏறலாம்?

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சபின்யோ. இரண்டு என்றால் முதலில் கஹிங்கா, ஒரு நாள் விட்டுச் சபின்யோவோ முஹாபுராவோ.

கஹிங்கா எளியது. போக வர எட்டு கிலோமீட்டர், ஆறு மணி நேரம். பாதி வழி மூங்கில் காடு. உச்சியில் இருப்பது ஏரியல்ல, சதுப்பு நிலம். அதில் ஆளுயர லொபீலியாச் செடிகள். உயரத்துக்கு உடம்பைப் பழக்க இதைவிட நல்ல மலை இல்லை.

முஹாபுரா உயரம் அதிகம், வழி நேர் ஏற்றம். தொடங்கும் இடம் ஏறத்தாழ 2,400 மீட்டர், முடியும் இடம் 4,127. ஒரே நாளில் ஏறி இறங்க எட்டு மணி நேரம். உச்சியில் சிறு குட்டை அளவுக்கு ஒரு எரிவாய் ஏரி. இங்கே கெடுப்பது காலடியில் உருளும் எரிமலைக் கல். ஏறும்போது தெரியாது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் கால் முன்னே சரிந்து, விரல் நுனி காலணியில் மோதும். முந்தைய நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யாதவர்கள் வாரம் கழித்துக் கறுத்த நகத்தோடு திரும்புகிறார்கள்.

சபின்யோ தேய்ந்த பழைய எரிமலை. பெயருக்கே கிழவனின் பற்கள் என்று பொருள் சொல்கிறார்கள், அப்படித்தான் வரிசையாக மேடும் பள்ளமுமாக நிற்கிறது. போக வர 14 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். மூன்று சிகரம். மூன்றாவதில் நின்றால் மூன்று நாடும் காலடியில்.

சபின்யோ ஏணிகளைப் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தெரிந்து போக வேண்டும். முதல் சிகரம் வரை சாதாரண ஏற்றம். அதன் பிறகு வழி கத்திமுனை போன்ற மேட்டின் மேல் போகிறது. செங்குத்தான இடங்களில் காட்டுக் கம்புகளை அறைந்து செய்த ஏணிகள். மூன்றாம் சிகரத்துக்கு முன் வருபவை ஏறக்குறைய நேர்குத்து. எப்போதும் ஈரம், படியில் பாசி.

ஓர் ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மேலே போனவர் கால் தரையில் பட்டபின்தான் அடுத்தவர் தொட வேண்டும். படியின் நடுவில் மிதிக்காமல், பக்கக் கம்போடு சேரும் ஓரத்தில் மிதியுங்கள். உளுத்த படி முறிவது நடுவில்தான். கையால் பிடிப்பதும் படியை அல்ல, பக்கக் கம்பை. ஊன்றுகோலை முதல் ஏணியடியில் வைத்துவிட்டுப் போங்கள், வரும்போது எடுத்துக்கொள்ளலாம். முதுகுப்பையில் பக்கவாட்டில் எதுவும் தொங்கக் கூடாது.

இறங்கும்போது ஏணியைப் பார்த்த முகமாக, முதுகு வெளியே தெரிய இறங்குங்கள். மாடிப்படி இறங்குவதுபோல் முன்னோக்கி இறங்க முயல்கிறவர்களை ரேஞ்சரே நிறுத்திவிடுவார். உயரம் கண்டால் தலை சுற்றுபவர்கள் இரண்டாம் சிகரத்தோடு திரும்பலாம். அதற்குக் காசு குறையாது, ஆனால் காட்சியும் பெரிதாகக் குறையாது.

உயரத்தால் மூச்சுத் திணறுமா?

கிசோரோவே 1,900 மீட்டரில் இருப்பதால் இரண்டு இரவு தங்கினால் பாதி வேலை முடிந்தது. 3,500 மீட்டருக்கு மேல் தலைவலி, லேசான குமட்டல் வருவது சகஜம். நின்று தண்ணீர் குடித்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். தலைவலியோடு வாந்தியோ, நடை தள்ளாட்டமோ வந்தால் உச்சி எவ்வளவு பக்கம் என்று பார்க்காமல் இறங்க வேண்டும். 500 மீட்டர் இறங்கினாலே தெளிவு தெரியும். அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தைவிட இடி ஆபத்தானது. நண்பகலுக்குப் பின் மேகம் திரண்டு இடிமழை வருவது இங்கே அன்றாட வழக்கம். காலை ஏழரைக்குள் நடக்கத் தொடங்கி, மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பும் முடிவோடு போங்கள்.

துப்பாக்கியோடு ஆள் வருவது ஏன்?

எருமைக்கும் காட்டு யானைக்கும். எதிர்ப்பட்டால் வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டுவார்கள். ரேஞ்சர் கைகாட்டி நில் என்றால் அந்த நொடியே நிற்பது மட்டுமே உங்கள் வேலை.

கிசோரோவிலிருந்து ந்குரிங்கோ வரை எப்படி நடப்பது?

இதற்குப் பெர்மிட் வேண்டாம், இது பூங்கா அல்ல. கிராமங்களும் வயல்களும் ஊடே போகும் பாதை. உள்ளூர் வழிகாட்டி வேண்டும். பாதை கிளைத்துக் கிளைத்துப் போகும், எல்லாமே யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் முடியும்.

காலையில் முட்டாண்டா ஏரிக்கரை. எரிமலைக் குழம்பு ஓடிவந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி இது, அதனால்தான் கரை கைவிரல்கள்போல் நீள்கிறது. ஒரே மரத்தைக் குடைந்த தோணியில் இரண்டு மூன்று மணி நேரம். மிதவை அங்கி இருக்கிறதா என்று ஏறும் முன் கேளுங்கள், இல்லையென்றால் வரும்வரை ஏறாதீர்கள். தோணியின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் காற்று இருக்காது, பிற்பகலில் அலை எழும்பும். தாமதமாகக் கிளம்பினால் துடுப்பு போடுகிறவருக்கும் சிரமம், உங்களுக்கும் நனைசல்.

இறங்கியதும் நேர் ஏற்றம். வெயில் உச்சியில் இருக்கும், நிழல் கிடையாது. இந்தப் பயணத்திலேயே அதிகம் பேர் சோர்ந்து போவது எரிமலையில் அல்ல, இங்கே. மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். மேட்டின் மேல் வந்து திரும்பிப் பார்த்தால், நீங்கள் ஏறிய எரிமலைகள் தெற்கே வரிசையாக நிற்கும்.

கொரில்லா நாள் எப்படிப் போகும்? எவ்வளவு நடக்க வேண்டும்?

அரை மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். காரணம் இது: கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் புதுப் படுக்கை செய்து படுக்கும். தேடுநர்கள் விடிகாலையிலேயே போய், நேற்று மாலை விட்ட இடத்திலிருந்து அந்தப் படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து காலையில் எந்தப் பக்கம் தின்றுகொண்டே போயிருக்கின்றன என்று ஒடிந்த தண்டையும் சாணத்தையும் பார்த்துத் தொடர்வார்கள். வானொலிக் கருவியில் தகவல் வந்தபின்தான் உங்கள் ரேஞ்சருக்குத் திசை தெரியும். காலைக் கூட்டத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டால் புன்னகைதான் பதில்.

ந்குரிங்கோவில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். வாசல் மேட்டின் மேல், காடு கீழே. முதலில் பல நூறு மீட்டர் இறங்கி, பார்த்துவிட்டு, களைத்த காலோடு அதே சரிவை ஏற வேண்டும். நாலு பகுதிகளில் கடினமானது இதுதான். முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் புஹோமா சீட்டு எடுத்துக்கொண்டு, பயணத்தின் நாள்களைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

கொரில்லா பக்கம் வந்ததும் பையையும் கோலையும் போர்ட்டரிடம் விட்டுவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேமராவோடு மட்டும் போவீர்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது, தின்னக் கூடாது, விரல் நீட்டக் கூடாது. வெள்ளிமுதுகு ஆண் உங்களை நோக்கி ஓடிவந்தால் ஓடாதீர்கள். குந்தி உட்கார்ந்து, பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். படம் எடுப்பதில் ஒரு யோசனை: கறுத்த ரோமமும் இருண்ட காடும் சேர்ந்து கேமராவை ஏமாற்றும், முகம் சாம்பலாய் வெளுத்து வரும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள்.

சளி பிடித்திருந்தால்?

காட்டுக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மனிதருக்கு வரும் சுவாச நோய் கொரில்லாவுக்குத் தொற்றும், அவற்றுக்கு அது உயிர்போகும் காரியம். 2018 வரையிலான கணக்கெடுப்புகளின்படி உலகத்தில் இருக்கும் மலைக்கொரில்லா மொத்தமே 1,063. இருமலை மறைத்துக்கொண்டு போவதைவிட, முதல் நாளே ஆணைய அலுவலகத்தில் சொல்லித் தேதி மாற்ற முடியுமா என்று கேட்பது நல்லது. முடிந்தால் கொரில்லா நாளுக்குப் பின்னும் ஒரு நாள் காலியாக வைத்தால் இதற்கு உதவும்.

காட்டைக் குறுக்கே கடப்பது எப்படி?

ந்குரிங்கோவிலிருந்து புஹோமாவுக்கு ஐவி ஆற்றை ஒட்டிய பாதை ஏறக்குறைய 13 கிலோமீட்டர், ஐந்து முதல் ஏழு மணி நேரம். சாலையில் போனால் காட்டைச் சுற்றிப் பல மணி நேரம். ரேஞ்சர் இல்லாமல் அனுமதி இல்லை. முதலில் இறக்கம், பிறகு பெரும்பாலும் ஆற்றோரச் சமவெளி நடை. ஓடைகளில் கட்டைப் பாலம். பாதை நெடுக மரப்பெரணிகள் குடை விரித்து நிற்கும்.

பெரிய பையை என்ன செய்வது என்பதுதான் இங்கே உள்ள சிக்கல். ஜீப்பில் சுற்றி அனுப்பினால் முழு வாடகை. போர்ட்டர் தூக்கினால் 15 முதல் 20 டாலர், ஆனால் அவர் புஹோமாவிலிருந்து திரும்பி வரவும் வேண்டும். அந்தத் திரும்பும் கூலியையும் சேர்த்து முன்பே பேசுங்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே மொத்தச் சுமையைப் பத்து கிலோவுக்குள் அடக்கினால் இந்தக் கேள்வியே எழாது.

போர்ட்டர் உண்மையில் தேவையா? நான் நன்றாக நடப்பேன்.

வைத்துக்கொள்ளுங்கள். சுமைக்காக அல்ல, சேற்றுச் சரிவில் கை கொடுப்பதற்காக. அந்தக் கூலி நேராகக் கிராமத்து வீட்டுக்குப் போகிறது. காட்டைச் சுற்றி இருப்பவர்களுக்குக் காட்டால் வரும்படி இருந்தால்தான் கண்ணி வைப்பது குறையும். கால் பிசகி நடக்க முடியாமல் போனாலும் அவர்கள்தான். எட்டுப் பத்துப் பேர் மாறி மாறித் தூக்கும் பல்லக்கு ஒன்று உண்டு. உள்ளூரில் அதற்குக் கேலியாக ஹெலிகாப்டர் என்று பெயர். அதற்கு நூற்றுக்கணக்கில் டாலர் ஆகும்.

என்ன உடுத்துவது? அட்டை கடிக்குமா?

வால்பாறையிலும் சிங்கராஜாவிலும் மழைக்காலத்தில் காலைப் பிடிக்குமே, அந்த நில அட்டை இங்கே கிடையாது. அதற்குப் பதில் இரண்டு உண்டு.

ஒன்று காஞ்சொறி. இங்கே இடுப்புயரம் வளரும், மெல்லிய நடைக் காற்சட்டையைத் துளைக்கும். தடித்த பருத்திக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, தோட்டவேலைக் கையுறை. வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும், பிடிப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது, பாதையின் குறுக்கே படை படையாகப் போகும் கறுப்பு எறும்பு. மிதித்துவிட்டு நின்றால் உள்ளாடை வரை ஏறிவிடும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், வரிசையைக் கண்டால் நிற்காமல் எட்டித் தாண்டுங்கள்.

காலணி பழகியதாக, கணுக்கால் மூடுவதாக, அடிப்பள்ளம் ஆழமானதாக இருக்கட்டும். புதுக் காலணியைப் போட்டு வருபவர்கள் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு உட்காருகிறார்கள். மழை அங்கி கட்டாயம். இரவில் மலையில் குளிரும், ஒரு கம்பளிச் சட்டை, குல்லாய். வெயில், மழை, குளிர் மூன்றுக்கும் ஒரே நாளில் வேலை இருக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. பீன்ஸ் குழம்பு, சோறு, மடோக்கே என்ற வேகவைத்து மசித்த வாழைக்காய், நிலக்கடலைச் சாறு, சப்பாத்தி. டோடோ என்று கேட்டால் வருவது நம் தண்டுக்கீரைக்கு உறவுக்காரி. ஐரிஷ் என்றால் உருளைக்கிழங்கு. ரோலெக்ஸ் என்றால் கடிகாரம் அல்ல, சப்பாத்தியில் முட்டை வைத்துச் சுருட்டியது. முட்டை வேண்டாம் என்றால் வெண்ணெய்ப்பழம் வைத்துச் சுருட்டித் தருவார்கள். காரம் மட்டும் இருக்காது. ஊறுகாய் ஒரு சிறு புட்டி எடுத்துப் போகிறவர்கள் கடைசிவரை மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

நடை நாளின் மதியச் சாப்பாட்டை முந்தைய இரவே சொல்லி வையுங்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டால் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

பணம்?

கட்டணங்களுக்கு டாலர், மற்றதற்கு உகாண்டா ஷில்லிங். டாலர் நோட்டு பழைய அச்சாக இருந்தாலோ, கிழிந்தோ, மை பட்டோ இருந்தாலோ வாங்க மாட்டார்கள். 2009-க்குப் பிந்தைய அச்சாகப் பார்த்து வாங்குங்கள், 2013-க்குப் பிந்தையது என்றால் கவலையே இல்லை. 100, 50 நோட்டுக்கு நல்ல விலை, சின்ன நோட்டுக்குக் குறைவு. கிசோரோவில் ஏடிஎம் உண்டு. அதற்குப் பின் கையிருப்பையே நம்புங்கள்.

காங்கோ பக்கம் எரிமலைக் குழம்பைப் பார்க்கலாமா?

கூடாது. குழம்பு கொதிக்கும் நியிராகொங்கோ காங்கோவில் இருக்கிறது. 2021 மே மாதம் வெடித்தது. 2025 ஜனவரியில் அதன் அடிவாரத்திலுள்ள கோமா நகரம் கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. சபின்யோ மூன்றாம் சிகரத்திலிருந்து அந்தப் பக்கம் பார்ப்பதோடு சரி.

பட்வா மக்களின் நடைக்குப் போகலாமா?

போகலாம், பின்னணி தெரிந்து போங்கள். இந்தக் காடுகளில் வாழ்ந்தவர்கள் பட்வா. 1991-ல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்டார்கள், நிலமும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்ற முடிவுக்கு உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம் வந்தது 2021-ல்தான். ம்கஹிங்காவில் பட்வா வழிகாட்டிகள் நெருப்புக் கடைந்து காட்டி, மூலிகை சொல்லி, கராமா குகையில் முடிக்கும் நடை ஒன்று உண்டு. அவர்களே நடத்துவதற்குப் போங்கள். சாலையோரம் வண்டியை நிறுத்தி ஆடச் சொல்லிக் காசு கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் போகாதீர்கள். கட்டணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதில் தவறில்லை.

தடுப்பூசி, மலேரியா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு பார்த்துப் போங்கள்.

மலையில் கொசு குறைவு, ஆனால் கம்பாலாவிலும் எண்டெபேயிலும் நிறைய. மலேரியா மாத்திரையை முழுப் பயணத்துக்கும் எடுக்க வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பியபின் ஏழு நாள், டாக்சிசைக்ளின் என்றால் நாலு வாரம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொல்லட்டும். திரும்பி வந்து சில மாதம் வரை காய்ச்சல் கண்டால், உகாண்டா போனதை முதல் வாக்கியமாகச் சொல்லி மலேரியாச் சோதனை கேளுங்கள்.

புஹோமாவிலிருந்து திரும்புவது?

17 கிலோமீட்டர் தள்ளி புட்டோகோட்டா என்ற சிற்றூர். அங்கிருந்து கம்பாலாவுக்கு விடியற்காலை பஸ், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். முந்தைய மாலையே அங்கே போய்த் தங்கினால் இருட்டில் போடா போடா, அதாவது வாடகை மோட்டார் சைக்கிள், தேடி அலைய வேண்டியதில்லை. பஸ் வந்து சேரும் அன்றிரவே விமானம் வைக்காதீர்கள், ஒரு பஞ்சர் போதும். கம்பாலாவில் ஓர் இரவு தங்குங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையைக் கைப்பையில் வையுங்கள். இந்தியா, இலங்கை இரண்டும் உகாண்டாவிலிருந்து வருபவரிடம் அதைக் கேட்கின்றன. சரக்கோடு போன பெட்டிக்குள் இருக்கிறது என்று சொன்னால் சுகாதார மேசை அதிகாரி ஏற்கமாட்டார். அட்டை இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமையில் வைக்க இந்திய விதி இடம் தருகிறது.